முதல் ரேங்க் வாங்கிய காரைத்தான் வாங்க வேண்டுமா?

கேள்வி: பெங்களூரு ஹொரமாவில் இருக்கிறோம். எனக்கு நாகவாரா மான்யதா டெக் பார்க்கில் வேலை, வாரத்தில் நாலு நாள் போக வேண்டும். கணவருக்கு வீட்டிலிருந்தே வேலை. பொங்கல், தீபாவளி, கோயில் திருவிழா என்று வருஷத்துக்கு நாலைந்து தடவை தேவகோட்டை போய்வருவோம். பழைய ஹேட்ச்பேக்கைக் கொடுத்துவிட்டு ஆட்டோமேட்டிக் எஸ்யூவி ஒன்று எடுக்கலாம் என்று இருக்கிறோம். ஆன்ரோடு 20 லட்சம், மிஞ்சினால் ஒன்றிரண்டு கூடலாம். நியூ ஜெர்சியில் இருக்கும் என் அண்ணன் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பட்டியலை அனுப்பி, டொயோட்டாவைத் தவிர எதையும் திரும்பிப் பார்க்காதே என்கிறார். ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் கொழுந்தனார் ஜெர்மனியின் டியூவி பட்டியலை அனுப்பியிருக்கிறார். அதில் வரிசையே வேறு. கணவர் ஃபோக்ஸ்வாகன் டைகுனை ஓட்டிப் பார்த்த நாளிலிருந்து அதே பேச்சுதான். அஞ்சு ஸ்டார் வண்டி, இதுக்கு மேல என்ன வேணும் என்கிறார். ஷோரூமில் கிரெட்டா டீசலைத் தலையில் கட்டப் பார்க்கிறார்கள். மாமனார் மட்டும், "எது டாக்ஸியா ஓடுதோ அதை வாங்குங்க" என்று சொல்லிவிட்டு நியூஸ் பார்க்கப் போய்விட்டார். இந்தப் பட்டியல்களை எவ்வளவு தூரம் நம்பலாம், சார்? இன்னொன்று: வண்டியை தேவகோட்டை விலாசத்தில் பதிவு செய்தால் ரோடு டாக்ஸ் மிச்சம் என்கிறார்களே, உண்மையா?

பதில்:

உங்கள் அண்ணன் அனுப்பியதும் கொழுந்தனார் அனுப்பியதும் ஒரே விஷயத்தை எண்ணுகிற பட்டியல்கள் அல்ல, அம்மா. அவை ஒத்துப்போகாததில் குழம்ப ஒன்றுமில்லை. ஒத்துப்போயிருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

அண்ணன் அனுப்பியதை முதலில் எடுத்துக்கொள்வோம். கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 1936 முதல் நடக்கும் அமெரிக்க அமைப்பு. கம்பெனிகளிடம் விளம்பரம் வாங்குவதில்லை. தன் உறுப்பினர்களிடம், கடந்த 12 மாதத்தில் உங்கள் வண்டி என்ன தொந்தரவு கொடுத்தது என்று கேட்கிறது. 2024 டிசம்பரில் வந்த பட்டியலுக்கு ஏறக்குறைய 3 லட்சம் வண்டிகளின் விவரம் சேர்ந்திருந்தது. இன்ஜின், கியர்பாக்ஸ், மின்சாரப் பகுதிகள் என்று 20 தலைப்புகளாகப் பிரித்து, இன்ஜின் போனால் அதிக எடை, கதவில் கடகட சத்தம் வந்தால் குறைந்த எடை என்று கணக்குப் போடுகிறார்கள். நேர்மையான வேலை, நான் மதிக்கிற வேலை. அந்த வருஷம் முதல் மூன்று இடங்கள் சுபாரு, லெக்ஸஸ், டொயோட்டா. சுபாரு நம் நாட்டில் விற்பதே இல்லை. டொயோட்டா என்று அங்கே எண்ணப்பட்டவை கேம்ரி, கொரோலா, ராவ்4 மாதிரியானவை. உங்கள் மனதில் இருக்கிற டொயோட்டா ஹைரைடராகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் பட்ஜெட்டில் அந்த அளவு வண்டி அதுதான். அது அமெரிக்காவில் கிடையாது. அண்ணன் பொய் சொல்லவில்லை. அவர் ஊர் வண்டிகளைப் பற்றிச் சரியாகவே சொல்லியிருக்கிறார்.

டியூவி கதை வேறு. அது வண்டிகளைப் பரிசோதிக்கிற அமைப்பு. ஜெர்மனியில் புது வண்டியை மூன்று வருஷம் ஆனதும், பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையும் கட்டாயமாகப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். நம்மூர் எஃப்.சி. மாதிரி, ஆனால் உண்மையிலேயே வண்டிக்கு அடியில் இறங்கிப் பார்ப்பார்கள். பிரேக், விளக்கு, ஸ்டீயரிங், ஆக்சில், துரு, ஆயில் கசிவு, புகை. எத்தனை சதவீத வண்டிகள் பெரிய குறையோடு வந்தன என்பதுதான் பட்டியல். கியர் ஜெர்க் அடிக்கிறதா, டச் ஸ்கிரீன் உறைந்துபோகிறதா என்றெல்லாம் அந்த இன்ஸ்பெக்டர் கேட்பதில்லை. அது அவர் வேலையும் இல்லை.

இந்தப் பட்டியலில் பல வருஷம் முன்னணியில் நின்ற வண்டி எது தெரியுமா? போர்ஷ் 911. ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தால் மட்டும் கராஜிலிருந்து வெளியே வருகிற வண்டி அது. குறைவாக ஓடும், பரிசோதனைக்கு முன் காசு பார்க்காமல் சர்வீஸ் ஆகும். 2024-ம் ஆண்டுப் பட்டியலில் இரண்டு மூன்று வயது வண்டிகளில் கடைசி இடம் டெஸ்லா மாடல் 3-க்கு. பிரேக் டிஸ்க், விளக்கு, ஆக்சில் என்று குறைகள். மின்சார வண்டியில் வேகத்தைக் குறைக்கும் வேலையை மோட்டாரே பெரும்பாலும் செய்துவிடுவதால் பிரேக் டிஸ்க் சும்மா கிடந்து துருப்பிடிக்கும். போதாததற்கு டெஸ்லாவுக்கு வருடாந்திரக் கட்டாய சர்வீஸ் கிடையாது. யாரும் முன்கூட்டிப் பார்க்காமலே வண்டி நேராகப் பரிசோதனைக்கு வந்துவிடுகிறது. அதே ஜெர்மனியில் ஏடிஏசி என்ற வாகன ஓட்டிகள் சங்கம் இன்னொரு கணக்கு வைத்திருக்கிறது. நடுரோட்டில் நின்றுபோன வண்டிகளுக்கு அவர்கள் மஞ்சள் வேன் எத்தனை முறை போனது என்ற கணக்கு. அதில் சம வயதுள்ள பெட்ரோல், டீசல் வண்டிகளைவிட மின்சார வண்டிகள் குறைவாகவே நிற்கின்றன. ஒரே நாட்டில் இரண்டு கணக்கு, இரண்டு முடிவு. எதுவும் தப்பில்லை.

ஏடிஏசி கணக்கில் இன்னொரு சுவாரசியம். வண்டி நிற்பதற்கான காரணங்களில் 40 சதவீதத்துக்கு மேல் சாதாரண 12 வோல்ட் பேட்டரி. இன்ஜினும் இல்லை, கியர்பாக்ஸும் இல்லை. உங்கள் கணவருக்கு வீட்டிலிருந்து வேலை, நீங்கள் வாரத்தில் நாலு நாள்தான் எடுக்கிறீர்கள். டேஷ்கேம் வேறு மாட்டினால் உங்கள் வீட்டிலும் முதலில் படுக்கப்போவது அதுதான்.

ஜே.டி. பவர் என்ற ஆய்வு நிறுவனத்தின் பெயரும் யாராவது சொல்லியிருப்பார்கள். அமெரிக்காவில் மூன்று வயது வண்டிகளின் சொந்தக்காரர்களிடம் 180-க்கும் மேற்பட்ட குறைகளில் எது வந்தது என்று கேட்டு, 100 வண்டிக்கு எத்தனை குறை என்று போடுகிறார்கள். 2024-ல் எல்லா பிராண்டுக்கும் சேர்த்த சராசரி 190, முதலிடம் வாங்கிய லெக்ஸஸுக்கு 135. பிரித்துப் பாருங்கள்: முதல் ரேங்க் வண்டிக்கு ஒன்றரைக்குக் கொஞ்சம் குறைவு, சராசரி வண்டிக்கு இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு. வித்தியாசம் ஒரு வண்டிக்கு அரைக் குறை. அந்த அரைக் குறை எது என்பதுதான் விஷயம். இந்த முறையில் போன் ப்ளூடூத்தில் சேரவில்லை என்றாலும் ஒன்று, கியர்பாக்ஸ் போனாலும் ஒன்று. சில வருஷங்களாக அந்த ஆய்வில் அதிகப் புகார் வாங்குவது இன்ஃபோடெயின்மென்ட்தான், அதாவது டச் ஸ்கிரீன், பாட்டு, போன் இணைப்பு. பள்ளிக்கூட ரேங்க் கார்டில் இரண்டாம் ரேங்க் பையனுக்கும் ஏழாம் ரேங்க் பையனுக்கும் நடுவில் மூன்று மார்க் இருக்கும், அதுவும் ஓவியப் பாடத்தில் போயிருக்கும். பட்டியலின் நடுப்பகுதி அப்படிப்பட்டது. உச்சியிலும் அடியிலும் வருஷா வருஷம் மாறாமல் நிற்கிற பெயர்களுக்கு அர்த்தம் உண்டு. நடுவில் ஒரு வருஷம் நாலாவதும் மறுவருஷம் பதினொன்றாவதுமாக ஆடுகிறவற்றுக்கு அதிக அர்த்தம் இல்லை.

எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். ஒரு மாடலுக்கு 100 பேர் பதில் சொல்லி அதில் 15 பேருக்குப் பெரிய கோளாறு, இன்னொரு மாடலில் 100-க்கு 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். 15-தான் நல்ல வண்டி என்று தோன்றும். ஆனால் 100 பேரை மட்டும் கேட்டால் அந்த 15 என்பது உண்மையில் 8-லிருந்து 22 வரை எதுவாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துச் சொல்ல வழியில்லை. குறைவாக விற்கிற வண்டிகள் ஏன் ஒரு வருஷம் ஹீரோ, மறுவருஷம் வில்லன் என்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். "இந்தியாவின் டாப் 10 நம்பகமான கார்கள்" என்று நம்மூரில் வலம் வருகிற வீடியோக்களில் எத்தனை பேரைக் கேட்டார்கள் என்பதே இருக்காது. அவற்றைப் பற்றி எழுதி உங்கள் நேரத்தை வீணாக்கவில்லை.

இனி என் தொழில் சார்ந்த ஒரு விஷயம். கார் வாங்குகிறவர்களுக்கு வண்டி பார்த்துச் சொல்ல வருவதற்கு முன் ஒரு டீலர்ஷிப்பின் வாரண்டி மேசையில் உட்கார்ந்திருந்தேன். கோளாறு என்பது எப்படிக் கணக்கில் ஏறுகிறது, எப்படி ஏறாமல் போகிறது என்று அங்கே பார்க்கலாம். காலை எட்டரைக்கு ஒருவர் வருவார். "சிக்னல்ல ஃபர்ஸ்ட்லேர்ந்து செகண்ட் மாறும்போது ஜெர்க் அடிக்குது, தினமும் இல்லை." சர்வீஸ் அட்வைசர் ஜாப் கார்டில் எழுதுவார். டெக்னீஷியன் ஸ்கேனரை மாட்டுவார், ஃபால்ட் கோடு எதுவும் இருக்காது. காலியான சர்வீஸ் ரோட்டில் ஒரு ரவுண்டு ஓட்டுவார், வண்டி நெய்யாக ஓடும். ஜாப் கார்டில் "செக்டு, ஓகே" என்று விழும். ரொம்ப வற்புறுத்தினால் கியர்பாக்ஸ் சாஃப்ட்வேரை ஒருமுறை அப்டேட் பண்ணி அனுப்புவார்கள். பாகம் எதுவும் மாற்றவில்லை, கிளெய்ம் போகவில்லை. கம்பெனியின் தலைமையகத்தைப் பொறுத்தவரை அப்படி ஒரு கோளாறே நடக்கவில்லை. அந்த மனிதரோ யார் சர்வே எடுத்தாலும் "கியர்பாக்ஸ் பிரச்சினை, ஆம்" என்று டிக் அடிப்பார்.

இதற்கு நேர்மாறும் தினமும் நடக்கும். ஒருவர் ஆயில் மாற்ற விட்டிருப்பார். லிஃப்டில் ஏற்றினால் ஷாக் அப்சார்பரில் ஈரம் தெரியும். வாரண்டியிலேயே மாற்றிவிட்டு வண்டியைக் கழுவிக் கொடுப்பார்கள். பில்லில் பைசா இல்லாததால் அவர் அந்த வரியைப் படிக்கவும் மாட்டார். கம்பெனி கணக்கில் ஒரு கோளாறு ஏறிவிட்டது, சொந்தக்காரர் கணக்கில் பூஜ்யம். ஆகவே ஒரு சர்வே, வண்டியை மட்டும் அளப்பதில்லை. அந்த சர்வீஸ் சென்டர் எப்படி நடந்துகொண்டது, சொந்தக்காரர் என்ன எதிர்பார்த்து வாங்கினார் என்பதும் அதில் கலந்திருக்கிறது. 35 லட்சம் கொடுத்தவர் டேஷ்போர்டில் கேட்கிற சின்ன சத்தத்துக்கும் புகார் எழுதுவார். 6 லட்சம் கொடுத்தவர் பாட்டு வால்யூமைக் கூட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

பிராண்டு பெயருக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டுச் சண்டை முழுக்க அதில்தான். மைசூர் ரோட்டில் பிடதி தெரியுமல்லவா, தட்டு இட்லிக்குப் பெயர்போன ஊர். அங்கேதான் டொயோட்டா தொழிற்சாலை. 2022-ல் டொயோட்டா ஹைரைடரும் மாருதி கிராண்ட் விட்டாராவும் ஒன்றாக அங்கிருந்துதான் வெளியே வந்தன. இரண்டிலும் மைல்ட் ஹைபிரிட் (மோட்டார் இன்ஜினுக்குக் கைகொடுக்க மட்டும்) எடுத்தால் உள்ளே சுசுகியின் 1.5 லிட்டர் இன்ஜின். ஸ்ட்ராங் ஹைபிரிட் (கொஞ்ச தூரம் மோட்டாரிலேயே ஓடும்) எடுத்தால் இரண்டிலும் டொயோட்டாவின் இன்ஜின், டொயோட்டாவின் ஹைபிரிட் அமைப்பு. அண்ணன் பேச்சைக் கேட்டு டொயோட்டா முத்திரை போட்ட மைல்ட் ஹைபிரிட்டை வாங்கினால் உங்களுக்குக் கிடைப்பது சுசுகி இன்ஜின். பக்கத்து மாருதி ஷோரூமில் கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைபிரிட் வாங்கினால் கிடைப்பது டொயோட்டா இன்ஜின். கிளான்சா என்பது பலேனோ, டைசர் என்பது ஃபிராங்க்ஸ், மாருதி இன்விக்டோ என்பது இன்னோவா ஹைகிராஸ். ஹூண்டாய் கிரெட்டாவும் கியா செல்டோஸும் ஒரே குடும்பத்து இன்ஜின்கள்தான். ஒன்று ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் பிறக்கிறது, மற்றது ஆந்திராவின் பெனுகொண்டாவில். இந்த ஜோடிகளில் ஒன்றுக்கு மூன்றாம் இடமும் மற்றதற்கு ஒன்பதாம் இடமும் கொடுக்கிற பட்டியலைப் பார்த்தால், அது இரும்பைப் பற்றிப் பேசவில்லை, டீலரைப் பற்றிப் பேசுகிறது என்று புரிந்துகொள்ளலாம்.

ஒரே பெயருக்குள்ளேயும் இதே குழப்பம். கிரெட்டா ஆட்டோமேட்டிக் என்று கேட்டால் மூன்று வண்டி வரும். சாதா பெட்ரோலுக்கு பெல்ட்டில் ஓடும் சிவிடி வகை, டர்போ பெட்ரோலுக்கு இரண்டு கிளட்ச் மாறி மாறிப் பிடிக்கும் டூயல் கிளட்ச், டீசலுக்கு எண்ணெய் வழியே சக்தியைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர். உள்ளே ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று யந்திரங்கள். கெடுகிற விதமும் வேறு, செலவும் வேறு. "கிரெட்டா நம்பகமானதா" என்ற கேள்விக்கு ஒரே நம்பரில் பதில் கொடுக்கிறவர் மூன்றையும் கலந்து சராசரி போட்டிருக்கிறார்.

அதனால் பட்டியலைக் கையில் எடுக்கும்போது பிராண்டு வரிசையை விட்டுவிட்டு, எந்த இன்ஜினோடு எந்த கியர்பாக்ஸ் எங்கே, எப்படிக் கெட்டது என்று தேடுங்கள். அப்படித் தேடினால் பட்டியல்கள் தங்கம். டூயல் கிளட்சையே எடுத்துக்கொள்வோம். ஃபோர்டு பவர்ஷிஃப்ட் கியர்பாக்ஸ் புகார்களைக் கையாண்ட விதத்துக்காக 2018-ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் ஃபோர்டுக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. ஃபோக்ஸ்வாகன் தன் டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸுக்காக 2013-ல் சீனாவில் லட்சக்கணக்கான வண்டிகளை ரீகால் செய்தது. இரண்டும் வேறு கம்பெனி, வேறு கண்டம், ஆனால் தகராறு செய்த வகை ஒன்றே: எண்ணெயில் மூழ்காத உலர்ந்த டூயல் கிளட்ச். அதற்குப் பிறகு நிறைய மாற்றங்கள் செய்திருக்கிறார்கள், இன்றைய வண்டிகளில் பெரும்பாலானவை ஒழுங்காக ஓடுகின்றன. நான் பார்ப்பது உங்கள் வழித்தடத்தை.

மாலை ஆறரைக்கு மான்யதாவிலிருந்து வெளியே வருகிறீர்கள். மெட்ரோ தூண் வேலை, நாகவாரா சிக்னல், ஹென்னூர் சிக்னல். முன்னால் இருக்கிற வண்டி ரெண்டு அடி நகர்கிறது. நீங்கள் பிரேக்கிலிருந்து காலை எடுக்கிறீர்கள், வண்டி தவழ்கிறது. மேனுவல் வண்டியில் பாதி கிளட்சில் நிற்போமே, உள்ளே அதைத்தான் ஒரு கம்ப்யூட்டர் செய்துகொண்டிருக்கிறது. கிளட்ச் தட்டு வழுக்குகிறது, சூடாகிறது. சூட்டை இழுத்துக்கொண்டு போக அங்கே எண்ணெய் இல்லை. ரெண்டு அடி, நிறுத்து. மறுபடி ரெண்டு அடி. வீட்டுக்கு வந்தால் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சரிவு, எதிரே வண்டி வந்தால் சரிவிலேயே ரிவர்ஸ். ஸ்டுட்கார்ட்டில் யாரும் இப்படி ஓட்டுவதில்லை. ஆகவே அங்கே வருகிற எந்தப் பட்டியலும் இதைச் சோதித்திருக்காது.

டைகுனில் 1.5 லிட்டர் டர்போவோடு வருவது இந்த உலர்ந்த வகை டி.எஸ்.ஜி.தான். கணவர் அதைத்தான் ஓட்டிப் பார்த்திருப்பார் என்று ஊகிக்கிறேன், ஏனென்றால் ஓட்டினால் மனசு மாறுகிற வண்டி அது. அவருக்கு அந்த வண்டியே வேண்டுமென்றால் 1.0 லிட்டர் டர்போவை டார்க் கன்வர்ட்டர் கியர்பாக்ஸோடு எடுங்கள். தினசரி ஓட்டப்போவது நீங்கள் என்பதை அவருக்கு ஞாபகப்படுத்துங்கள். அப்படியும் 1.5-தான் என்று முடிவானால், நெரிசலில் முன்வண்டி ஒரு கார் நீளம் நகரும்வரை பிரேக்கை விடாதீர்கள். பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும்.

டீசலை நான் அடியோடு வேண்டாம் என்பேன். வண்டி மோசம் என்று சொல்லவில்லை. நெடுஞ்சாலையில் அந்த இன்ஜின் ஒரு சுகம், அந்த டார்க் கன்வர்ட்டரும் உழைக்கிற வகை. ஆனால் 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு இந்த மாதிரி டீசல் கார்களின் சைலென்சர் வழியில் ஒரு வடிகட்டி இருக்கிறது, டி.பி.எஃப். என்பார்கள். புகையின் கரியைப் பிடித்துவைத்து, அவ்வப்போது சுமார் 600 டிகிரி சூட்டில் எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு வண்டி கால்மணி நேரமாவது சீரான வேகத்தில் ஓட வேண்டும். உங்கள் ஆபீஸ் பயணத்தில் அந்தக் கால்மணி நேரம் கிடைக்காது. எரிப்பு பாதியில் நின்றால் கரி சேரும், மிச்ச டீசல் இன்ஜின் ஆயிலில் இறங்கும், டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். தினம் ஓசூர் தாண்டிப் போய்வருகிறவருக்கு இதே வண்டியை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். வருஷத்துக்கு நாலைந்து தேவகோட்டைப் பயணம் அந்த வடிகட்டிக்குப் போதாது.

மாமனாருக்கு வருவோம். நாலு பேரில் எனக்கு நெருக்கமான வாதம் அவருடையது. கெம்பேகவுடா விமான நிலையத்தில் வரிசையாக நிற்கிற டிசையர், எர்டிகா, இன்னோவா டிரைவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் எது முதலில் போனது, என்ன விலை, எங்கே கிடைத்தது என்று விரல் விட்டு எண்ணிச் சொல்வார்கள். எந்த சர்வேயிலும் இவ்வளவு நீண்ட ஓட்டத்துக்கான பதில் இல்லை. இன்ஜின், சஸ்பென்ஷன், பாகங்களின் விலை, இந்த மூன்றுக்கும் அவர்கள் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த வண்டிகள் பெரும்பாலும் மேனுவல். நாள் முழுக்க சூடான இன்ஜினோடு ஓடுகிறவை, அதுவும் சன்ரூஃபோ பெரிய ஸ்கிரீனோ இல்லாத கீழ் மாடல்கள். நீங்கள் வாங்கப்போவது ஆட்டோமேட்டிக், மேல் மாடல், காலையில் குளிர்ந்த இன்ஜினோடு கொஞ்ச தூரம். மாமனார் சொல்வது முக்கால்வாசி சரி, அந்தக் கால்வாசியில்தான் உங்கள் கியர்பாக்ஸ் இருக்கிறது.

அஞ்சு ஸ்டாரைப் பற்றி ஒரே வரி: அது மோதினால் உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகும் என்பதற்கான மதிப்பெண். அவசியம் பாருங்கள், ஆனால் மூன்றாம் வருஷம் ஏசி கம்ப்ரஸர் போகுமா என்பதற்கு அதில் பதில் கிடையாது.

பட்டியல் எதிலும் வராத ஒன்றுக்கு நான் அதிக எடை கொடுக்கிறேன்: பழுதானால் யார், எங்கே சரிசெய்வார்கள் என்பது. 2017 கடைசியில் செவ்ரலே இங்கே விற்பனையை நிறுத்தியது, 2021 செப்டம்பரில் ஃபோர்டு உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அந்த வண்டிகள் ஒரே ராத்திரியில் கெட்டுப்போகவில்லை. ஆனால் ஜே.சி. ரோட்டில் சில பாகங்களுக்காகக் கடை கடையாக ஏறி இறங்குகிற சொந்தக்காரர்களை நான் பார்க்கிறேன். உங்கள் விஷயத்தில் ஹொரமாவு பக்கம் எந்த சர்வீஸ் சென்டர் இருக்கிறது என்பதோடு, காரைக்குடியிலோ திருச்சியிலோ அதே கம்பெனிக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். பொங்கலுக்குப் போகும்போது தொப்பூர் இறக்கத்தில் பிரேக்கில் சத்தம் கேட்டால் அமெரிக்கப் பட்டியல் உதவாது. சர்வீஸ் சென்டருக்கு ஒரு சனிக்கிழமை காலை நேரில் போய் அரைமணி நேரம் உட்காருங்கள். டெலிவரி எடுக்கிறவர்கள் பில்லைப் பிடித்துக்கொண்டு என்ன சண்டை போடுகிறார்கள் என்று காதில் விழும். கட்டணமில்லாத சர்வே அது.

இன்னொரு தந்திரம். நீங்கள் பார்க்கிற ஒவ்வொரு வண்டிக்கும் எக்ஸ்டெண்டட் வாரண்டி என்ன விலை என்று கேளுங்கள். பொதுவாகக் கேட்காமல், இந்த இன்ஜின், இந்த கியர்பாக்ஸ் என்று குறிப்பாகக் கேளுங்கள். கம்பெனியிடம் தன் கோளாறுகளின் முழுக்கணக்கு இருக்கிறது, அந்தக் கணக்கை வைத்துத்தான் விலை போடுவார்கள். ஒரே மாடலில் ஒரு கியர்பாக்ஸுக்கு மட்டும் வாரண்டி நீட்டிப்பு கணிசமாக விலை கூடினாலோ, எத்தனை வருஷம் கொடுப்பார்கள் என்பது குறைந்தாலோ, பட்டியல் சொல்லாததை அவர்களே சொல்லிவிட்டார்கள். பாகங்களின் விலை உங்களுக்குப் பிரச்சினை இல்லை என்றாலும் இதைக் கேளுங்கள். என்னவானாலும் ஆட்டோமேட்டிக் வண்டிக்கு அந்த நீட்டிப்பை எடுத்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி.

என் தேர்வு என்ன என்று கேட்பீர்கள். உங்கள் தினசரி நெரிசலுக்கு ஸ்ட்ராங் ஹைபிரிட்தான் பொருத்தம். அதில் வழுக்குகிற கிளட்சும் இல்லை, பெல்ட்டும் இல்லை. பல்சக்கரங்களும் இரண்டு மோட்டார்களும்தான். ஹென்னூர் சிக்னலில் இன்ஜின் பெரும்பாலும் அணைந்தே இருக்கும். ஹைபிரிட் பேட்டரிக்கு டொயோட்டா 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தருகிறது. உங்கள் பட்ஜெட்டின் விளிம்பைத் தொடும், கீழ் வேரியன்ட் போதும் என்று மனசைத் தேற்றிக்கொள்ள வேண்டும். டிக்கியில் பேட்டரி இடம் பிடிக்கும், ஊருக்குப் போகிற பெட்டிகளைக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். ஹைரைடரா, கிராண்ட் விட்டாராவா என்பதை எந்த சர்வீஸ் சென்டர் பிடித்திருந்ததோ அதை வைத்து முடிவு செய்யுங்கள், முத்திரைக்காக அதிகப்பணம் கொடுக்காதீர்கள். ஹைபிரிட் கட்டுப்படியாகாவிட்டால் கிரெட்டா சாதா பெட்ரோல் சிவிடி. ஓட்டுவதற்கு உப்புச்சப்பு இல்லாமல் இருக்கும் என்று கணவர் முகம் சுளிப்பார். வியாழக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு அவரையே மான்யதா கேட்டிலிருந்து வீடுவரை டெஸ்ட் டிரைவ் எடுக்கச் சொல்லுங்கள். ஷோரூமில் ஞாயிறு காலை கொடுக்கிற காலி ரோட்டு டிரைவை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

எதை எடுத்தாலும், அந்த மாடல் புதிதாக வந்து ஒரு வருஷமாவது ஆகியிருக்கட்டும். முதல் சில மாத வண்டிகளில்தான் சாஃப்ட்வேர் தகராறும் சின்னச் சின்ன ரீகாலும் குவியும். ரீகால் வந்தது என்று கேட்டுப் பயப்பட வேண்டாம். 2021 ஏப்ரல் முதல் நம் நாட்டில் அரசே கம்பெனியைக் கட்டாயப்படுத்தி ரீகால் செய்யவைக்கச் சட்டம் இருக்கிறது. குறையை ஒத்துக்கொண்டு இலவசமாக மாற்றுகிற கம்பெனியைவிட, "செக்டு, ஓகே" என்று அனுப்புகிற கம்பெனியிடம்தான் எனக்கு அதிக பயம்.

தேவகோட்டைப் பதிவு: அந்தக் கணக்கு பழசு. 2023 நவம்பரில் தமிழ்நாடு வரியை ஏற்றிய பிறகு 10 முதல் 20 லட்சம் வரையான காருக்கு அங்கே ஆயுள்கால வரி 18 சதவீதம். கர்நாடகாவில் அதே விலைக்கு 17 சதவீதம், அதன்மேல் செஸ். பெரிய மிச்சம் ஒன்றும் கிடையாது. அதோடு, வேறு மாநிலப் பதிவு வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்து கர்நாடக வரியையும் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் கட்டியதைத் திரும்ப வாங்க நீங்கள்தான் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அலைய வேண்டும். பெங்களூரிலேயே பதிவு செய்துவிடுங்கள், விற்கும்போதும் இங்கே கே.ஏ. நம்பருக்குத்தான் ஆள் சீக்கிரம் வரும்.